தக்காளிப் புழுவும் கிழங்குப் புழுவும் ஒன்றா?

கேள்வி: அரை ஏக்கரில் தக்காளி, வரப்புக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறேன். இரண்டிலும் இலை தீய்ந்த தாள் மாதிரி திட்டுத்திட்டாக வெளுக்கிறது. பிரித்தால் உள்ளே சின்னப் புழு. இரண்டும் ஒன்றுதானா? இரண்டுக்கும் ஒரே இனக்கவர்ச்சிப் பொறி போதுமா?
- ஓசூர் பக்கத்து வாசகர்

பதில்: தக்காளியில் இருப்பது ஊசிப்புழுவாக இருக்கலாம். கிழங்குச் செடியில் இருப்பதை இங்கிருந்தே சொல்லமாட்டேன். ஒரு தடவை சொல்லி மாட்டிக்கொண்டேன். கிழங்கு இலையில் இருந்தால் அது கிழங்கு அந்துப்பூச்சிதானே என்று அதற்கான லூரை (பொறிக்குள் மாட்டும், பூச்சியை இழுக்கும் வாசனைப் பொருளை) மாட்டச் சொன்னேன். ஒரு வாரத்தில் பொறியில் விழுந்தது நாலே பூச்சி. இலை மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. ஊசிப்புழு கிழங்கு இலையையும் தின்னும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டும் பங்காளிகள், பூர்வீகம் தென் அமெரிக்கா. கிழங்குப் பூச்சி 1906-லேயே இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டது. ஊசிப்புழுவை இங்கே கண்டதே 2014-ல்தான். அதை டுட்டா என்று தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2021-ல் கிழங்குப் பூச்சியின் ஃப்தோரிமேயா பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு நெருக்கம்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? கொஞ்சம் வளர்ந்த புழுவாக எடுத்து வெள்ளைத் தாளில் விடுங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். நிறத்தை நம்பாதீர்கள், இரண்டுமே பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். கழுத்தைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் வெளிறிய பட்டையின் ஓரத்தில், பேனாவால் இழுத்தது மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருந்து, அது நடுமுதுகில் விட்டுப்போயிருந்தால் ஊசிப்புழு. அந்தப் பட்டை முழுக்கவே கருத்திருந்தால் கிழங்குப் புழு. இலையில் பாம்பு நெளிந்த மாதிரி வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால் இரண்டுமே இல்லை. அது ஒரு ஈயின் வேலை.

ஊசிப்புழு காய்க்குப் போனால் காம்படியில் குண்டூசி குத்தியது போல் துளை தெரியும். அரித்த இலைகளைக் கிள்ளி வரப்பில் போடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். கிழங்குப் பூச்சி இலையோடு நிற்பதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மண் வெடிப்பு வழியே இறங்கிக் கிழங்கின் கண்ணருகே முட்டையிடும், கிட்டங்கிக்கும் கூடவே வரும். அதனால் மண் நன்றாக அணைக்க வேண்டும். தோண்டிய கிழங்கை இரவில் வயலில் விட்டு, அதன் தழையாலேயே மூடுகிறவர்கள் உண்டு. அந்துப்பூச்சிக்குப் பந்தி விரிப்பது மாதிரி அது! அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பொறிக் கூடு ஒன்றாக இருக்கலாம், லூர் வேறு வேறு. புழுவைப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். வெறுமனே 'புழு லூர்' என்று கேட்காமல், எந்தப் பூச்சிக்கு என்று உறையில் போட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.