வாசகர் கேள்வி – பதில்: அஞ்சல் பெட்டி உண்டு, அங்கீகாரம் இல்லை

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறான். தான் தன்பாலீர்ப்பு உடையவன் என்பதைச் சென்ற ஆண்டு என்னிடம் மட்டும் சொன்னான். அவனும் அவனைப் போன்ற மாணவர்கள் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்க அனுமதி கேட்டதற்கு, திருச்சபையின் போதனைக்கு முரணானது என்று கூறி நிர்வாகம் மறுத்துவிட்டதாம். ஜார்ஜ்டவுன் வழக்கில் மாணவர்கள் வென்றிருக்கிறார்கள், நாங்களும் வழக்குத் தொடரலாம் என்கிறான். அது சரியா? நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். பாகுபாடு கூடாது என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலே சொல்லும்போது ஒரு கத்தோலிக்க நிறுவனம் இப்படிச் செய்யலாமா? இதை அக்காவிடம் நான் சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: ஜார்ஜ்டவுன் மாணவர்கள் வென்றது உண்மைதான், ஆனால் பாதி வெற்றிதான். அந்தப் பாதி எது என்பது தெரியாமல் அந்த வழக்கை நம்பி இறங்கினால் உங்கள் அக்கா மகன் ஏமாந்துபோவார்.

ஜார்ஜ்டவுன், வாஷிங்டன் நகரில் இயேசு சபையினர் நடத்தும் பழம்பெரும் பல்கலைக்கழகம், 1789-இல் நிறுவப்பட்டது. அங்கே தன்பாலீர்ப்பு மாணவர்களின் இரண்டு சங்கங்கள், ஒன்று பொதுவளாகத்திலும் மற்றொன்று சட்டக் கல்லூரியிலும், பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தைக் கேட்டு மறுக்கப்பட்டதால், 1980-இல் வழக்குத் தொடுத்தன. அந்த வழக்கின் ஆவணங்களைப் படிக்கும்போது என் மனத்தில் தங்கியது பெரிய தத்துவம் எதுவும் அன்று. அங்கீகாரம் இருந்தால் ஒரு சங்கத்துக்குக் கிடைக்கக்கூடியவை என்னென்ன என்ற சிறிய பட்டியல்தான்: மாணவர் அலுவலகத்தில் ஓர் அஞ்சல் பெட்டி, கணினியில் முகவரிச் சீட்டு அச்சிட்டுத் தரும் வசதி, கடிதங்களை அனுப்பித் தரும் வசதி, நிதி கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை. இவ்வளவுதான். நானும் பாதிரியார்கள் நடத்திய கல்லூரியில் படித்தவன். எங்கள் அறிவிப்புப் பலகையில் துணை முதல்வரின் முத்திரை இல்லாத தாள் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. ஆகவே அஞ்சல் பெட்டியும் முத்திரையும் ஒரு மாணவர் சங்கத்துக்கு எவ்வளவு பெரியவை என்பது எனக்குப் புரியாததன்று.

1983-இல் விசாரணை நீதிமன்றத்தில் பல்கலைக்கழகம் வென்றது. மேல்முறையீட்டில், 1987 நவம்பரில், வாஷிங்டன் நகரின் உயர் முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நீதிபதிகளுக்குள் கருத்து ஒற்றுமை இல்லை. தனித்தனியாகப் பல தீர்ப்புரைகள் எழுதினார்கள். நீதிபதி ஜூலியா கூப்பர் மேக் எழுதிய முதன்மைத் தீர்ப்புரை, கேட்கப்பட்டதை இரண்டாகப் பிரித்தது. அங்கீகாரம் என்பது பல்கலைக்கழகம் தன் வாயால் ‘ஆம்’ என்று சொல்வது. தன் சமயத்துக்கு முரணான ஒன்றுக்கு ஆசி வழங்கும்படி யாரையும் சட்டம் வற்புறுத்த முடியாது. ஆனால் அஞ்சல் பெட்டி முதலிய வசதிகள் அப்படியல்ல. மற்றச் சங்கங்களுக்குத் தருவதை இந்த மாணவர்களுக்கும் சமமாகத் தந்தே ஆக வேண்டும், ஏனெனில் நகரின் மனித உரிமைச் சட்டம் தன்பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆசி வேறு, வசதி வேறு என்ற இந்தப் பிரிவினைதான் வழக்கின் உயிர்நாடி. பல்கலைக்கழகம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யாமல் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

வாஷிங்டன் தலைநகரம் என்பதால் அதன் சட்டங்களில் அமெரிக்க நாடாளுமன்றம் கைவைக்க முடியும். அப்படியே கைவைத்து, சமயக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு தரும் திருத்தத்தை 1989-இல் புகுத்தியது. அந்த விலக்கை நகர மன்றம் நீக்கி, அது நடைமுறைக்கு வந்தது 2015-இல்தான். நீதிமன்றத்தில் கிடைத்த ஒரு வெற்றி கால் நூற்றாண்டு காலம் பரணில் கிடந்தது என்று பொருள்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, ஜார்ஜ்டவுன் தீர்ப்பு ஒரு நகரின் சட்டத்தை ஒட்டியது என்பது. உங்கள் அக்கா மகன் படிக்கும் மாநிலத்தில் அதைப் போன்ற சட்டம் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பால் அவருக்குப் பயன் குறைவு. நாடு முழுவதற்குமான 1972-ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது தன்பாலீர்ப்பாளர்களை எவ்வளவு காக்கிறது என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறி வந்திருக்கிறது. அதற்கும் மேலாக, தன் சமயக் கோட்பாட்டுக்கு முரணாகும் இடத்தில் சமய நிறுவனத்துக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அந்த விலக்கை எதிர்த்து, பல்வேறு சமயக் கல்லூரிகளைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட இந்நாள், முன்னாள் மாணவர்கள் 2021-இல் ஆரிகன் மாநிலத்தில் தொடுத்த வழக்கு 2023-இல் தள்ளுபடியாயிற்று. 2024-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். வழக்குத் தொடரலாமா என்ற கேள்விக்கு இதுவே என் பதில். தொடரலாம், ஆனால் படிப்பு முடியும் முன் தீர்ப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர் உள்ளூர் வழக்கறிஞரைக் கலக்காமல் எதிலும் முதல் கையெழுத்தைப் போடக் கூடாது.

மறைக்கல்வி நூலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதன் 2358-ஆம் பத்தி, இத்தகையவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றும், அவர்கள்பால் நியாயமற்ற பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்றும் சொல்கிறது. ‘நியாயமற்ற’ என்ற அந்த ஓர் அடைமொழியில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. சங்கத்தை மறுப்பது நியாயமற்றது என்பார்கள் மாணவர்கள். தன்பாலினச் செயல்களை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்னும் முந்தைய பத்தியைக் காட்டி, சங்கத்தை அனுமதித்தால் அவற்றை ஏற்பதாக ஆகிவிடும் என்பதால் மறுப்பது நியாயமே என்பார்கள் நிர்வாகத்தினர். என் கருத்தைக் கேட்டால், ஒரு கூட்ட அறையும் அஞ்சல் பெட்டியும் யாருடைய போதனையையும் மாற்றிவிடுவதில்லை. தனித்துக் கிடக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு அவை மறுக்கப்படுவதில் பரிவு எங்கே இருக்கிறது என்று அந்த நிர்வாகத்தினரை நான் கேட்பேன்.

நீதிமன்றத்தால் ஆகாதது வளாகத்துக்குள்ளேயே ஆனதும் உண்டு. ஜார்ஜ்டவுனில் 2007-இல் ஒரு மாணவர் தாக்கப்பட்டதை அடுத்து மாணவர்கள் திரண்டு எழ, மறு ஆண்டே பல்கலைக்கழகம் தன் செலவில் பால்புதுமையினருக்கென (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோருக்கென) ஒரு மையத்தைத் திறந்தது. 1995-இல் ஒரு மாணவர் குழுவை வளாகத்தில் கூடக் கூடாதென்று தடுத்த நோத்ர தாம் என்னும் மற்றொரு அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், 2012 டிசம்பரில் நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமலே ஓர் அமைப்புக்கு இடம் தந்தது. ‘திருச்சபையின் போதனைக்கு உட்பட்ட மேய்ப்புப் பணி’ என்ற பெயரில்தான் தந்தது என்றாலும், தந்தது. ஆகையால் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லில் மொத்தமாகக் கேட்பதை விட்டு, அறை வேண்டும், அறிவிப்புப் பலகை வேண்டும், ஆற்றுப்படுத்துநர் ஒருவர் வேண்டும் என்று தனித்தனியே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மறுப்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எதை மறுத்தார்கள் என்று தாளில் இருந்தால்தான் நாளை எந்த வழக்கறிஞரும் பேச முடியும். மிரட்டலோ அடிதடியோ நேர்ந்தால் அது குற்றவியல் சட்டத்தின் பாற்பட்டது. அதற்குச் சமய விலக்கு கிடையாது.

அக்காவிடம் சொல்லிவிடலாமா என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: சொல்லாதீர்கள். எல்லாரையும் விட்டுச் சித்தியிடம் சொன்னதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அம்மாவிடம் எப்போது சொல்வது, சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டுமா என்பதை அடுத்த முறை தொலைபேசியில் அவரிடமே கேட்டுவிடுங்கள்.