மண்டலத்தில் 3-வது வந்த அணி ஏன் தேசியப் போட்டிக்குப் போகவில்லை?

கேள்வி: என் தம்பி மகன் அமெரிக்காவில் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல் பிரிவு) கல்லூரி ஒன்றில் கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்வெளியிலும் மேடு பள்ளத்திலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம், ஓடுகிறான். அவன் அணி மண்டலப் போட்டியில் 3-வது வந்தும் தேசியப் போட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. வேறொரு மண்டலத்தில் 5-வது வந்த அணியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இது என்ன நியாயம்? எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதில்:

இதே கேள்வியை நான் ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமை சாயங்காலம், சேறு அப்பிய செருப்போடு மைதானத்து ஓரத்தில் நின்று என் மகளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லும் நிலையில் இல்லை. பிறகு நானே உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். மகள் மிச்சிகனில் 4 வருடம் கல்லூரி அணிக்கு ஓடினாள். அதில் ஒரு வருடம் நாங்கள் உங்கள் தம்பி வீட்டின் நிலையில் இருந்தோம், அடுத்த வருடம் உள்ளே போனோம். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அணிக்கு ஸ்கோர் போடும் விதம். ஒரு அணிக்கு 7 பேர் ஓடுவார்கள். முதலில் வரும் 5 பேர் எத்தனையாவது இடத்தில் வந்தார்கள் என்பதைக் கூட்டுவதுதான் அணியின் ஸ்கோர். குறைந்த ஸ்கோர் ஜெயிக்கும். 4, 11, 19, 30, 58 என்று வந்தால் 122. ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டால் அந்த அணியின் ஸ்கோர் ஒன்றிரண்டு ஏறும். இங்கே மைதானத்தில் நிற்கும் பெற்றோர் முதலாவது யார் என்று பார்ப்பதேயில்லை. "அஞ்சாவது ஆள் எங்கே, அஞ்சாவது ஆள் எங்கே" என்றுதான் கயிற்றோரம் ஓடுவோம். 2023 தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவில் நார்த் கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. ஒரே ஒரு இடம்! அதற்கு முந்தைய வருடம் ஆண்கள் பிரிவில் நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 83-83 என்று சமமாக வந்து, டை-பிரேக் விதிப்படி நார்தர்ன் அரிசோனாவுக்குப் பட்டம் போனது. கூட்டத்தின் நடுவில் ஓடும் ஐந்தாவது பிள்ளை ஒரு விநாடி பிந்தினால் நாலைந்து பேர் தாண்டிப் போய்விடுவார்கள். என் மகள்தான் எங்கள் அணியின் அந்த ஐந்தாவது ஆள்.

இனி தேர்வு. தேசியப் போட்டிக்கு ஆண்களில் 31 அணி, பெண்களில் 31 அணி. அதோடு அணி தேறாத தனி ஓட்டக்காரர்கள் 38 பேர். ஆக ஒவ்வொரு பந்தயத்திலும் 255 பேர். நாட்டை 9 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். எங்களுடையது கிரேட் லேக்ஸ்: மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா, விஸ்கான்சின். மண்டலப் போட்டி நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லா இடத்திலும் நடக்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் இரண்டு அணிகள் நேராகத் தேறிவிடும். அது 18. கான்பரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக்) சாம்பியன் பட்டத்துக்கு இதில் எந்த ஒதுக்கீடும் கிடையாது. இதைக் கேட்டு நம் ஊர்க்காரர்கள் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

மிச்சம் 13 இடம். உங்கள் தம்பி மகனின் அணி மாட்டிக்கொண்டது இந்த 13-ல்தான். மண்டலக் கணக்கில்லாமல் நாடு முழுவதற்கும் பொதுவான இந்த இடங்களை அட்-லார்ஜ் என்பார்கள். கோச்சுகள் இந்தக் கணக்கைக் கோலாஸ் என்று சொல்வார்கள்.

கோலாஸின் அடிப்படை இதுதான்: சீசனில், அதாவது செப்டம்பர் கடைசியிலிருந்து நடந்த போட்டிகளில், ஏற்கனவே தேறிவிட்ட அணிகளில் எத்தனை அணிகளை நீங்கள் ஜெயித்திருக்கிறீர்கள்? ஒரு வெற்றிக்கு ஒரு புள்ளி. முதலில் 9 மண்டலங்களிலும் 3-வது வந்த அணிகளை வரிசையில் நிறுத்தி, யாரிடம் புள்ளி அதிகமோ அந்த அணியை உள்ளே எடுப்பார்கள். அது உள்ளே வந்த அந்த நிமிடமே அந்த அணியும் "தேறிய அணி". ஆகவே அக்டோபரில் அதை ஜெயித்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு புள்ளி கூடிவிடும். அந்த மண்டலத்தில் 4-வது வந்த அணி இப்போது வரிசையின் முன்னால் வரும். மறுபடி எண்ணுவார்கள், அடுத்த அணி, மறுபடி எண்ணுவார்கள். இப்படி 13 சுற்று.

தோற்ற போட்டிக்காகப் புள்ளி கழிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் விஸ்கான்சினில் மேடிசன் நகரில் நடக்கும் நட்டிகோம் இன்விடேஷனல் போன்ற பெரிய போட்டிக்கு எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பலமான அணிகள் கூடும் இடத்தில் 15-வது வந்தால்கூட, உங்களுக்குப் பின்னால் வந்த அணிகளில் நான்கு பிற்பாடு தேறினால் கையில் 4 புள்ளி. உள்ளூரில் ஒரு சின்னப் போட்டியில் முதல் பரிசு வாங்கினால், அங்கே தேறக்கூடிய அணியே இல்லையென்றால், பூஜ்யம்.

இன்னொரு விதியும் உண்டு, அதைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மண்டலத்தில் வந்த வரிசையை உடைக்கக் கூடாது. 4-வது வந்த அணியிடம் புள்ளி குவிந்திருந்து 3-வது வந்த அணியிடம் ஒன்றுமே இல்லையென்றாலும், 3-ஐத் தாண்டி 4-ஐ எடுக்க முடியாது. அப்படியானால் 4-வது அணியின் புள்ளி, முன்னால் நிற்கும் 3-வது அணியையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம். இதை இங்கே "புஷ்" என்பார்கள்.

எங்கள் கதையில் நடந்தது இதன் தலைகீழ். மகளின் மூன்றாம் வருடம். மண்டலப் போட்டியில் கடைசி 200 மீட்டர் வரை எங்கள் அணி 3-வது. 6 கிலோமீட்டர் ஓட்டத்தில் 5,800 மீட்டரையும் நன்றாகத்தான் ஓடியிருந்தாள். அதற்குப் பிறகு காலில் ஈயத்தைக் கட்டிவிட்டது போல ஆகிவிட்டது. நான் கயிற்றோரம் நின்று எண்ணினேன், 7 பேர் அவளைத் தாண்டினார்கள். கடைசிக் கணக்கில் 6 ஸ்கோர் வித்தியாசத்தில் நாங்கள் 4-வது. எங்களுக்கு முன்னால் 3-வதாகப் போன அணியிடம் கோலாஸ் புள்ளி ஏராளம். அது சனிக்கிழமை முதல் சில சுற்றுகளிலேயே உள்ளே போய்விட்டது. எங்களிடம் புள்ளி கம்மி. 13 இடமும் நிரம்பும் வரை எங்கள் பெயர் வரவில்லை. நாங்கள் 3-வதாக வந்திருந்தால், பின்னால் நின்ற அந்தப் பலமான அணியே எங்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்க வாய்ப்பு இருந்தது.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து, தட்டில் போட்ட தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ஏழு பேரும்மா. ஒருத்தரைக்கூட என்னால பிடிச்சு நிறுத்த முடியல" என்றாள். "ஆறாயிரம் மீட்டரும் நீதான் ஓடினே கண்ணு" என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நியாயமா என்று கேட்டீர்கள். நான் நியாயம் என்றே சொல்வேன், ஒரு குறையோடு. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் 3 அல்லது 4 அணி என்று வெட்டிக் கொடுத்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மண்டலங்கள் ஒரே தரத்தில் இல்லை. மவுண்டன் மண்டலத்தைப் பாருங்கள். நார்தர்ன் அரிசோனா, பிரிகாம் யங், கொலராடோ, நியூ மெக்ஸிகோ, யூட்டா பல்கலைக்கழக அணிகள் எல்லாம் ஒரே மண்டலத்தில். 2024-ல் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டமும் பிரிகாம் யங்குக்கே போனது. அங்கே 5-வது வருகிற அணி வேறு சில மண்டலங்களில் முதலாவது வரும். அந்த 5-வது அணியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அதற்குப் பெயர் தேசியப் போட்டி என்றால் ஓடுகிற பிள்ளைகளே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சொன்ன 5-வது அணியும் அநேகமாக இப்படித்தான் போயிருக்கும்: சீசன் முழுக்கப் பலமான அணிகளை ஜெயித்துப் புள்ளி சேர்த்திருப்பார்கள்.

இன்னொரு நல்லதும் இருக்கிறது. தேர்வுக் குழுவில் யாருக்கு யாரைத் தெரியும், எந்தக் கல்லூரிக்குப் பெயர் பெரிது என்பதற்கு இங்கே பெரிய இடமில்லை. முடிவுகள் எல்லாம் பொதுவில் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை ராத்திரியே ரசிகர்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்குப் போட்டு 31 அணியையும் சொல்லிவிடுவார்கள்; சனிக்கிழமை வரும் பட்டியல் பெரும்பாலும் ஒத்துப்போகும். நம் ஊரில் ஒரு தேர்வுப் பட்டியலுக்காக அலுவலக வாசலில் காத்திருந்த என் தலைமுறைக்கு இது சாதாரண விஷயமில்லை.

குறை என்று நான் சொன்னது பணம். புள்ளி கிடைக்கும் போட்டிகள் சிலவே. அங்கே போக விமானச் செலவு, ஓட்டல் செலவு வேண்டும். வசதி இல்லாத சிறு கல்லூரிகள் வேனில் போகும் தூரத்துக்குள்ளேயே ஓடுகின்றன. பிள்ளைகள் எவ்வளவு நன்றாக ஓடினாலும், தேறக்கூடிய அணிகளை எதிர்த்து நிற்கும் வாய்ப்பே கிடைக்காமல் நவம்பர் வந்துவிடும். அவர்களுக்கு மண்டலத்தில் முதல் இரண்டுக்குள் வருவது ஒன்றுதான் வழி. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. எங்கள் அணி அந்த மூன்றாம் வருடம் அக்டோபரில் மேடிசன் போகவில்லை, காரணம் இதுதான்.

மறு வருடம் போனார்கள். முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் போட்டார்கள். அங்கே வந்த இடம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் தூரத்து மண்டலத்து அணி ஒன்றை 3 ஸ்கோரில் ஜெயித்திருந்தார்கள். அந்த வெற்றி அப்போது யார் மனதிலும் நிற்கவில்லை. நவம்பரில் எங்கள் மண்டலத்தில் 3-வது வந்தோம். இந்த முறை மகளை யாரும் தாண்டவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் எல்லோரும் போனில் வேறொரு மண்டலத்து முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்தத் தூரத்து அணி, யாரும் எதிர்பார்க்காமல், அங்கே 2-வது வந்து நேராகத் தேறியிருந்தது. அக்டோபரில் வந்த அந்த வெற்றி அன்று ராத்திரி ஒரு புள்ளி ஆனது. சனிக்கிழமை பட்டியலில் கடைசி சில இடங்களில் ஒன்று எங்களுக்கு. மகள் போனில் அழுத அழுகையில் எனக்கு முதலில் கெட்ட செய்தியோ என்று பட்டுவிட்டது.

உங்கள் தம்பியிடம் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். தேறிய அணிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, பையனின் அணி செப்டம்பர் கடைசியிலிருந்து ஓடிய ஒவ்வொரு போட்டியின் முடிவையும் திறந்து, அவர்களுக்குப் பின்னால் வந்த தேறிய அணிகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிக்கும்போது காரணம் தெரிந்துவிடும். அடுத்த வருடம் எந்தப் போட்டிக்குப் போவது என்று கோச்சிடம் கேட்கவும் அது உதவும்.

தனி ஓட்டக்காரர் பட்டியலையும் பாருங்கள். அணி தேறாவிட்டாலும் பையன் போயிருக்கலாம். தேறிய அணிகளில் இல்லாதவர்களில் மண்டலத்துக்கு முதல் 4 பேர், அவர்கள் மண்டலத்தில் முதல் 25-க்குள் வந்திருந்தால் போகலாம். மேற்கொண்டு 2 இடம் நாடு முழுவதற்கும். இந்தப் பட்டியல் அணிகள் முடிவான பிறகுதான் முடிவாகும், ஏனென்றால் ஒரு அணி அட்-லார்ஜில் உள்ளே போனால் அதன் ஓட்டக்காரர்கள் தனிப் பட்டியலிலிருந்து விலகி, அடுத்தடுத்து நிற்பவர்கள் மேலே ஏறுவார்கள்.

எங்கள் அணி தேறிய அன்று இப்படித்தான் வேறொரு கல்லூரிப் பெண் ஒருத்திக்கு இடம் கிடைத்தது. தனிப் பட்டியலில் அவளுக்கு முன்னால் நின்றவள் எங்கள் முதல் ஓட்டக்காரி. தேசியப் போட்டி நடந்த காலை, உறைபனி விழுந்த புல்லில் பிள்ளைகள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் தன் கல்லூரி ஜெர்சியில் தன்னந்தனியாக எங்கள் கூடாரத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். வந்து ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவளும் என் மகளும் அந்த 255 பேருக்குள் ஒரே கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கயிற்றோரம் நின்று எங்கள் அஞ்சாவது ஆளோடு அவளையும் சேர்த்து எண்ணினேன்.