காக்டெயில் பார் வடிவமைப்பு: அளவுநாடாவைக் கவுண்டருக்கு உள்ளே வையுங்கள்

கேள்வி: 16 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள ஓர் இடத்தில் காக்டெயில் பார் தொடங்கவிருக்கிறேன். வடிவமைப்பாளர் கொடுத்த படத்தில் வெள்ளைச் சலவைக்கல் கவுண்டர், சுவர் முழுக்கக் கண்ணாடி, பாட்டில்களுக்குப் பின்னால் நீல விளக்கு என எல்லாம் அழகாக இருக்கின்றன. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. எதை ஏற்பது, எதை மாற்றச் சொல்வது?

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானதுதான். நீங்கள் பட்டியலிட்டவை எல்லாம் வாசலில் நின்று பார்ப்பவருக்கானவை. உள்ளே நின்று எட்டு மணி நேரம் வேலை செய்பவரைப் பற்றி அந்தப் படத்தில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார் என்பது பார்டெண்டரின் கால் நிற்கும் இடத்திலிருந்து வெளிநோக்கி வரையப்பட வேண்டியது.

அகலத்தைப் பங்கிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். பின்சுவர் அலமாரிக்கு 2 அடி, பார்டெண்டர் நடக்க 3 அடி, கவுண்டருக்கு இரண்டரை அடி, ஸ்டூலில் அமர்ந்தவருக்கு 2 அடி, அவர் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் போய்வர மூன்றரை அடி. மொத்தம் 13 அடி. எதிர்ச்சுவருக்கு மிஞ்சுவது 3 அடி. அதில் சோபாவும் மேசையும் போட்டால் வழி அடைபடும். ஓரடி அகலப் பலகையைச் சுவரோடு பொருத்தி, நின்று குடிப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். உட்கார்ந்து பேசும் இடத்தை 40 அடியின் கடைக்கோடிக்குத் தள்ளுங்கள்.

உள்நடைக்கான 3 அடியை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவர் ஒருவரையொருவர் இடிக்காமல் கடக்க அதுவே குறைந்தபட்சம். ஐந்தடி விட்டாலும் சிக்கல்தான்: பின்னலமாரிக்கு ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டியிருக்கும்.

நல்ல பார்டெண்டரின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? கைகள் ஓயாமல் வேலை செய்தாலும் கால்கள் அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே ஐஸ் தொட்டி, இடுப்பளவில் அடிக்கடி எடுக்கும் பாட்டில்களுக்கான தட்டு, ஒரு பக்கம் சிறிய சிங்க், மறுபக்கம் குளிர்ந்த கோப்பைகள். குதிகாலில் திரும்பினால் பின்னலமாரி. ஒருவருக்கு நான்கடி அகலம் போதும். இருவர் வேலை செய்வார்கள் என்றால் இதே அமைப்பு இரண்டு தேவை. ஒரே ஐஸ் தொட்டியை இருவர் பங்கிட்டுக்கொள்வது சனிக்கிழமை இரவில் சண்டைக்கு வித்து.

ஐஸ் உருகும், தண்ணீர் கசியும். அதனால் தரை பூசுவதற்கு முன்பே வடிகாலும் சாய்வும் முடிவாக வேண்டும். ஐஸ் தொட்டியின் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு நேரடியாக இணைக்கக் கூடாது. நடுவே காற்றிடைவெளி விட்டால்தான் அடைப்பு ஏற்படும்போது அழுக்குநீர் மேலேறி ஐஸில் கலக்காது. ஐஸ் இயந்திரம் வெப்பத்தைக் கக்கும் பொருள். காற்றோட்டமுள்ள பின்னறைக்கு அதை அனுப்பிவிடுங்கள்.

கவுண்டரின் உயரம் 42 அங்குலம், ஸ்டூலின் இருக்கை 30 அங்குலம். இந்தக் கணக்கில் அமர்ந்தவரின் கண்ணும் நிற்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும்; பேச்சு இயல்பாக நடக்கும். உள்பக்க வேலைத்தளம் 36 அங்குலத்தில் இருக்கட்டும். கால் வைக்கும் கம்பி தரையிலிருந்து 8 அங்குலம். கவுண்டருக்கு அடியில் முழங்காலுக்கு ஓரடி இடம், பை மாட்ட ஒரு கொக்கி. ஸ்டூலுக்கு ஸ்டூல் இரண்டடி.

சலவைக்கல்லுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாற்றின் அமிலம் அதை அரிக்கும். ஈரக் கோப்பை இருந்த இடத்தில் மங்கிய வளையம் விழும், துடைத்தால் போகாது. மேலே பூசும் காப்புப் பூச்சு கறையைத் தடுக்குமே தவிர அரிப்பைத் தடுக்காது. கல்தான் வேண்டுமென்றால் கிரானைட். என்னைக் கேட்டால் கெட்டியான மரம்: முழங்கை ஊன்ற இதமாக இருக்கும், கோப்பை வைத்தால் சத்தம் எழாது, தேய்ந்தால் இழைத்துப் புதுப்பிக்கலாம். வெள்ளைக் கல்மீது ஆசை இருந்தால் கை படாத சுவரில் பதியுங்கள்.

கண்ணாடியை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. 1908இல் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் வியன்னாவில் கட்டிய ‘அமெரிக்கன் பார்’ என்ற மதுக்கூடம் 30 சதுர மீட்டருக்கும் குறைவானது. சுவரில் மகாகனிப் பலகை, அதற்கு மேலே, நிற்பவரின் தலைக்கும் மேலேதான் கண்ணாடி தொடங்குகிறது. கட்டம் கட்டமான சலவைக்கல் கூரை அதில் பிரதிபலித்துப் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போவதுபோல் தெரியும். வந்தவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சங்கடமும் இல்லை. உங்கள் ஒடுக்கமான அறைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. தரை முதல் கூரை வரை கண்ணாடி பதித்தால் கூட்டமும் இரட்டிப்பாகத் தெரியும், கைரேகையும் கூடும்.

நீல விளக்கை இன்றே நீக்கச் சொல்லுங்கள். சிவப்பு, அம்பர் நிறப் பானங்கள் நீல ஒளியில் கறுத்துப்போகும். முகங்கள் நோயாளி முகங்களாகும். ஒளியின் நிறவெப்பநிலை 2700 கெல்வினோ அதற்குக் கீழோ (மஞ்சள் கலந்த இதமான ஒளி), நிறத்தை உள்ளபடி காட்டும் அளவீடு (CRI) 90க்கு மேலும் உள்ள விளக்குகள் போதும். அமர்ந்தவரின் உச்சந்தலைக்கு நேர்மேலே விளக்கு வேண்டாம். கண்குழியில் நிழல் விழும். குறுகிய கற்றையைக் கவுண்டரின்மீது பாய்ச்சுங்கள்: கோப்பை மின்னும், மரத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். கடை மூடியபின் கழுவித் துடைக்கப் பளிச்சென்ற வெள்ளை விளக்கு தனிச் சுவிட்சில் இருக்கட்டும்.

படத்தில் தெரியாதது ஒலி. கல், கண்ணாடி, பாட்டில் எல்லாம் ஒலியைத் திருப்பியடிப்பவை. சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார். லோம்பார்ட் விளைவு என்பது இதுதான். ஒருவர் உயர்த்த, எல்லோரும் உயர்த்துவார்கள். கூரையின் பெரும்பகுதிக்கு ஒலியுறிஞ்சும் பலகையும், கோடியில் போடும் இருக்கைகளுக்குத் தடித்த மெத்தையும் இப்போதே திட்டத்தில் இடம்பெற வேண்டும். திறந்தபின் ஒட்டவைத்தால் ஒட்டுப்போட்டது போலவே தெரியும்.

கையெழுத்திடும் முன், வடிவமைப்பாளரிடம் கவுண்டரின் குறுக்குவெட்டுப் படத்தையும் குழாய் வரைபடத்தையும் கேளுங்கள். பிறகு நான்கடி நீளத்துக்கு ஒட்டுப்பலகையில் அதே அளவில் ஒரு மாதிரிக் கவுண்டர் அடிக்கச் சொல்லி, அனுபவமுள்ள பார்டெண்டர் ஒருவரை அங்கே நிறுத்தி வெறுங்கோப்பைகளோடு அரை மணி நேரம் வேலை செய்யச் சொல்லுங்கள். எங்கே குனிகிறார், எங்கே எட்டிப் பிடிக்கிறார் என்று பார்த்து அந்த இடத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள்.