வசனமும் சனிக்கிழமைச் சம்பளமும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் தினதியானங்களைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். திருப்பூரில் கம்பெனிக்குத் துணி தைத்துக் கொடுக்கிற சின்ன பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) யூனிட் ஒன்று வைத்திருக்கிறேன், பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தினமும் விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிப்பேன், அன்றைய வசனத்தை ஸ்டேட்டஸில் வைப்பேன், யூனிட் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவேன். இந்தப் புது வருட ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் (வருடம் முழுவதற்குமான வசனம்) எரேமியா 29:11. கம்பெனியிலிருந்து பில் பணம் தாமதமாக வருவதால் சில வாரங்கள் சனிக்கிழமைச் சம்பளம் திங்கள், செவ்வாய் என்று தள்ளிப்போய்விடும். போன மாதம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு அக்கா எல்லார் முன்னாலும், "வசனம் தினமும் காலையில கரெக்டா வந்துடுது, சம்பளம்தான் செவ்வாய்க்கிழமை வருது" என்று சொன்னார். அடுத்த வாரம் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு இன்னும் 3,200 ரூபாய் பாக்கி. அன்றிலிருந்து வேதத்தைத் திறந்தால் மனம் ஒட்டவில்லை. இவ்வளவு வாசித்தும் வசனம் ஏன் என் வாழ்க்கையில் இறங்கவில்லை? இன்னும் ஆழமாகத் தியானிக்க ஒரு வழி சொல்லுங்கள். ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்திவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். முதலில் அந்த 3,200 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் வாசிக்கலாம், இந்தப் பதில் எங்கும் ஓடிவிடாது.

ஆழமாகத் தியானிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்தத்தையே எடுத்துக்கொள்வோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று ஆரம்பிக்கும் வசனம். நம் வீடுகளில் பாதிச் சுவர்களில் இது தொங்குகிறது. இது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான், அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்தே போடுகிறான். கூட்டத்துக்கு அது பிடித்திருக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதுகிறார். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்கிறார். அது ஏழாம் வசனம். பதினொன்றாம் வசனத்துக்குப் போக அந்த ஏழைத் தாண்டித்தான் போகவேண்டும். நாம் வாக்குத்தத்த அட்டையில் பதினொன்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டோம்.

இன்னும் ஏழு அதிகாரம் பின்னால் போங்கள். அதே எரேமியா, 22ஆம் அதிகாரம். யோயாக்கீம் ராஜா தனக்குப் பெரிய அரண்மனை கட்டுகிறான், விசாலமான மேலறைகள், பெரிய ஜன்னல்கள், கேதுரு பலகை, ஜாதிலிங்க வர்ணம். வேலை செய்தவர்களுக்குக் கூலி இல்லை. "தன் அயலான் செய்யும் வேலைக்குக் கூலிகொடாமல்" வேலை வாங்குகிறவனுக்கு ஐயோ என்று 13ஆம் வசனம் சொல்கிறது. அதற்கப்புறம் அவனுடைய அப்பா யோசியாவைப் பற்றி ஒரு வரி வருகிறது. யோசியாவும் ராஜாதான், அவனும் சாப்பிட்டான், குடித்தான், ஆனால் நியாயம் செய்தான், சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான். "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்லுகிறார்."

தம்பி, ஆழமான தியானம் என்று நீங்கள் எதைத் தேடுகிறீர்களோ அது இந்த வரியில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். கர்த்தரை அறிகிற அறிவு எப்படி வரும் என்று கர்த்தரே சொல்கிற இடம் இது, அங்கே விடியற்காலை எழுவதைப் பற்றியோ எத்தனை அதிகாரம் வாசிப்பது என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை, உழைத்தவனுக்கு நியாயம் செய்தானா என்பதுதான் பேச்சு. விடியற்காலை வாசிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அப்படி வாசிக்கிறவள்தான். ஆனால் உங்களுக்கு மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் பயப்படமாட்டேன். இத்தனை நாள் வாசித்தது உள்ளே வேலை செய்வதால்தான் ஒரு தொழிலாளி சொன்ன சொல் உங்களை இப்படிக் குத்துகிறது. வாசிக்காதவராக இருந்தால், போனால் போகட்டும், வேறு ஆள் கிடைக்காதா என்று விட்டிருப்பீர்கள்.

கூலியைப் பற்றி வேதம் பேசுகிற இடங்களில் எனக்கு எப்போதும் ஆச்சரியம், அது தொகையைவிட நேரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறது. லேவியராகமம் 19:13, கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. ஒரு ராத்திரிகூடக் கூடாது. உபாகமம் 24:15, பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது. இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில் கடைசியாக வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த தயவைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்த எஜமான் அன்றைக்குச் சாயங்காலமே காரியக்காரனைக் கூப்பிட்டுப் பட்டுவாடா செய்யச் சொல்கிறான் என்பதையும் பாருங்கள். கொஞ்சநேரம் வேலை செய்தவனுக்கும் அன்று ராத்திரி வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் ஊரில் சனிக்கிழமைச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் அந்த அக்காவின் பக்கத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். லைன் வீட்டு வாடகை, மளிகைக்கடைப் பாக்கி, மகளிர் குழுத் தவணை. குழுக்காரர்கள் உங்கள் கம்பெனி பில் போட்டதா இல்லையா என்று கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை பணம் வராத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுக்கமுடியாது, அது பரவாயில்லை என்று வைத்தாலும், திங்கட்கிழமை தவணைக்குப் பக்கத்து வீட்டில் கைமாத்து கேட்டு நிற்கவேண்டும், அங்கேயும் இல்லையென்றால் வட்டிக்கு வாங்கவேண்டும். செவ்வாய்க்கிழமை நீங்கள் முழுச் சம்பளத்தையும் ஒரு ரூபாய் குறையாமல் எண்ணிக் கொடுக்கிறீர்கள், ஆனால் அதில் கொஞ்சம் ஏற்கெனவே வட்டிக்காரனுடையது. தாமதத்துக்கான வட்டியை உங்களுக்குப் பதிலாக அவர் கட்டியிருக்கிறார். இதைத்தான் அவர் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னார். கோபத்தில் சொன்னார் என்று நினைக்காதீர்கள், யாக்கோபு 5:4இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று வருகிறதே, அதைத் திருப்பூர் பேச்சில் சொல்லியிருக்கிறார். அன்றைய வசனம் உங்களுக்கு அவர் வாயிலிருந்து வந்தது.

கம்பெனி தாமதப்படுத்துகிறது என்பது உண்மைதான், உங்கள் மேல் மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உங்களுக்கும் அநியாயம் நடக்கிறது. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது: 2006ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்குச் சேரவேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் என்ன நாள் போட்டிருந்தாலும், 45 நாளுக்குள் கொடுத்தாகவேண்டும், தவறினால் கூட்டு வட்டி உண்டு. உத்யம் என்ற சிறுதொழில் அரசுப் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், இதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று பயப்படுவீர்கள், அந்தப் பயம் நியாயமானது. அப்படியானால் உங்களைப்போல ஜாப் ஒர்க் எடுக்கிற நாலு பேராகச் சேர்ந்து போய்ப் பேசுங்கள். கர்த்தரைத் தேடுகிறவன் தனக்கு வரவேண்டியதைக் கேட்கக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. மேலே கேட்கத் தைரியமில்லாமல் கீழே தள்ளிவிடுகிறோமே, அதுதான் தப்பு. உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள தாமதத்தை ஓவர்லாக் ஓட்டுகிறவர் ஏன் சுமக்கவேண்டும்?

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். தசமபாகம் கொடுக்கிறீர்களா? கொடுப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன், தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10ஐ நம் சபைகளில் அவ்வளவு தடவை கேட்டிருக்கிறோம். அந்த வசனத்துக்கு ஐந்து வசனம் மேலே, 3:5இல், கர்த்தர் நியாயத்தீர்ப்புக்கு வரும்போது யாருக்கு விரோதமாகச் சாட்சியாயிருப்பார் என்று ஒரு வரிசை வருகிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர், அவர்களோடு சேர்த்து "கூலிக்காரரின் கூலியை அபகரித்துக்கொள்ளுகிறவர்களுக்கும்" என்று இருக்கிறது. ஆகவே சம்பளப் பாக்கி இருக்கிற வாரத்தில் காணிக்கைக் கவரை எடுக்காதீர்கள். ஒரு வாரச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் சேர்க்கிறவரைக்கும், தசமபாகமாக வைக்கிற பணத்தை அதிலேயே போடுங்கள். உங்கள் போதகர் ஐயா இதை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எனக்கு எழுதுகிற சில ஊழியக்காரர்களும் கோபப்படுவார்கள், பரவாயில்லை. அந்தப் பணம் இன்னும் உங்களுடையதாகவே ஆகவில்லை, உங்களுடையது இல்லாததில் பத்தில் ஒன்றை எப்படிக் கர்த்தருக்குக் கொடுப்பீர்கள்? இயேசு மத்தேயு 5இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்று சொன்னபோது, உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றார். நமக்கு யார்மேல் மனத்தாங்கல் என்று நாம் தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். நம்மேல் யாருக்குக் குறை என்று யோசிக்க உட்கார்ந்தால் ஜெபமே வேறு மாதிரி ஆகிவிடும்.

சரி, ஸ்டேட்டஸ். தினமும் ஒரு வசனம் என்ற பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1728இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சின்ன ஊரில், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் வந்திருந்த மொராவிய சபையார் இதை ஆரம்பித்தார்கள். 1731இலிருந்து புத்தகமாக அச்சிடுகிறார்கள், இன்றைக்கும் வருடாவருடம் பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப்போட்டு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சேர்க்கிறார்கள். (அந்தச் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.) ஆரம்பத்தில் புத்தகம் கிடையாது, சபையிலிருந்து ஒருவர் காலையில் வீடு வீடாகப் போய் அன்றைய வசனத்தைச் சொல்லுவார். அப்படி வாசலில் போய் நிற்கிறவருக்கு அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை என்று தெரியாமல் இருக்குமா? வசனத்தைக் கேட்கிறவரும் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார். நம் வாட்ஸ்அப்பில் அந்த நடை இல்லாமல் போய்விட்டது.

ஸ்டேட்டஸை வையுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் யூனிட் குரூப்பில் போடுவதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்கள் வசனத்துக்கு ஆமென் போடாமல் இருக்கமுடியாது, அந்தக் கட்டாயம் நல்லதில்லை, அவர்களில் எல்லாரும் கிறிஸ்தவர்களாகவும் இருக்கமாட்டார்கள். அதற்குப் பதில் சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பட்டுவாடா என்று குரூப்பில் எழுதிப் போடுங்கள், அந்த மணிக்குக் கொடுங்கள். பணம் வராது என்று வியாழக்கிழமையே தெரிந்துவிட்டால் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள், பாதியாவது புரட்டிக் கொடுங்கள். வாசிப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: அன்றைய வசனத்துக்கு மேலே பத்து, கீழே பத்து வசனம் சேர்த்து வாசியுங்கள், இது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள், அப்புறம் நோட்டில் அன்றைக்கு நீங்கள் பார்க்கப்போகிற ஒரு ஆளின் பெயரை எழுதிவையுங்கள். நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் ஆரம்பியுங்கள். எருசலேமின் அலங்கத்தை (மதிலை) கட்டுகிற பரிசுத்த வேலை நடக்கும்போது கடன்பட்ட ஜனங்களின் கூக்குரல் கேட்டு நெகேமியா கோபப்படுகிறார், சபை கூட்டுகிறார், தானும் தன் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருப்பதைச் சொல்லி, அவர்களிடம் வாங்கிவைத்த நிலங்களையும் வீடுகளையும் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்.

அந்த அக்காவின் வீட்டுக்கு நீங்களே போங்கள், ஜிபே வேண்டாம், ஆள்விட்டும் அனுப்பவேண்டாம். தாமதமானதற்கு மேலே கொஞ்சம் சேர்த்து வையுங்கள், எவ்வளவு என்று அவர் கட்டிய வட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திரும்ப வேலைக்கு வரச்சொல்லிக் கேட்காதீர்கள், கேட்டால் பணம் அதற்காக வந்ததுபோல ஆகிவிடும். அவர் வீட்டில் ஜெபம் பண்ணட்டுமா என்றும் நீங்களாகக் கேட்கவேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள், வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் இதை எழுந்து சொல்லத் தோன்றும், தயவுசெய்து சொல்லாதீர்கள். இது தர்மம் செய்ததில்லை, கடனைக் கொடுத்தது, அதுவும் பிந்திக் கொடுத்தது. சபையில் யாராவது உங்களைப்போல யூனிட் வைத்திருந்தால், அவரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள், அந்தத் தனிக் கணக்கை அவரும் ஆரம்பிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா