லைஃப் ஜாக்கெட், ஹார்னஸ்: எப்போது அணிவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் தென்கரையில், சோலன்ட் நீரிணையில், நண்பர் ஒருவரின் 10 மீட்டர் பாய்மரப் படகில் நானும் என் கணவரும் வார இறுதிகளில் போய்வருகிறோம். படகின் மேல்தளத்தில் இருக்கும் நேரமெல்லாம் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும் என்கிறார் நண்பர். நன்றாக நீந்தத் தெரிந்த என் கணவரோ, காற்று எழுந்தால் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வது சரி? உடலில் அணிந்து, ஒரு பட்டையால் படகோடு பிணைத்துக்கொள்ளும் ஹார்னஸ் எப்போது வேண்டும்?
– ஒரு வாசகி, சவுத்தாம்ப்டன்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதே சரி. காற்று எழும் நேரத்தில் பாயைச் சுருக்க ஒருவர் வேண்டும், சுக்கானைப் பிடிக்க ஒருவர் வேண்டும், கீழே உருளும் பொருள்களை ஒதுக்க ஒருவர் வேண்டும். ஆடும் அறைக்குள் இறங்கி, ஜாக்கெட்டைத் தேடி, மழைக்கோட்டின் மேல் அதன் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டு வர அப்போது யாருக்கும் கை ஒழியாது. அதனால் இந்த முடிவைத் துறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கழற்ற வேண்டுமானால் படகின் தலைவரைக் கேட்டுவிட்டுக் கழற்றுவது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அணிவதா வேண்டாமா என்ற விவாதமே எழாது. நங்கூரமிட்ட அமைதியான பகல் வேளையில், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் கழற்றிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கை வெதுவெதுப்பான நீருக்குத்தான் பொருந்தும். உங்கள் பகுதிக் கடல் ஏப்ரல் மாதத்தில் 15 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருக்கும். அந்தக் குளிரில் திடீரென விழுபவரின் மூச்சு முதல் ஒரு நிமிடத்துக்கு அவர் வசத்தில் இருக்காது. தன்னையறியாமல் இழுக்கும் மூச்சில் தண்ணீர் உள்ளே போய்விடலாம். அதைத் தாண்டினாலும், 10 நிமிட அளவில் விரல்களும் கைகளும் வலுவிழந்து, எறியப்பட்ட கயிற்றைக்கூடப் பற்ற முடியாமல் போகும். 150 நியூட்டன் மிதப்புத் திறன் கொண்ட ஜாக்கெட், மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிப் பிடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. எவ்வளவு நல்ல நீச்சல்காரரும் மயங்கிய பின் தமக்கே இதைச் செய்துகொள்ள முடியாது.

ஜாக்கெட் விழுந்தவரைக் காக்கிறது. ஹார்னஸோ அவரை விழாமலே தடுக்கப் பார்க்கிறது. இரண்டில் ஹார்னஸையே நான் மேலாக நினைக்கிறேன். மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ 185 மீட்டர் போய்விடுகிறது. அதற்குப் பிறகு திரும்பிவந்து, அலைகளுக்கு நடுவே தலை மட்டும் தெரியும் ஒருவரைத் தேட வேண்டும். பகலிலேயே கடினமான இந்த வேலை இரவில் பெரும்பாலும் கைகூடுவதில்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் தனியாள் பந்தயத்தை 1964இலும் 1976இலும் வென்ற பிரெஞ்சுக் கடலோடி எரிக் தபார்லி, 1998 ஜூன் மாதம் வேல்ஸ் கரைக்கு அப்பால், தம் சொந்தப் படகில் இரவில் பாய் மாற்றும்போது பாய்க்கட்டை இடித்துக் கடலில் விழுந்தார். ஜாக்கெட்டோ ஹார்னஸோ அவர் அணிந்திருக்கவில்லை. உடனிருந்தவர்களால் அவரை மீட்க முடியவில்லை. அவரைவிட அனுபவம் மிகுந்தவர்கள் அந்தக் காலத்தில் மிகச் சிலரே.

ஆகவே இருட்டிய பிறகு, மூடுபனியில், மற்றவர்கள் உறங்க ஒருவர் மட்டும் தளத்தில் இருக்கையில், முதன்முறை பாயைச் சுருக்கும் அளவுக்குக் காற்று வலுத்தவுடன், எந்தக் காற்றிலும் படகின் முன்முனையான அணியத்தை நோக்கிப் போகும்போது – இத்தருணங்களில் எல்லாம் ஹார்னஸை மாட்டிக்கொள்ளுங்கள். அறையிலிருந்து மேலே ஏறும் படியில் நின்றபடியே கொக்கியை மாட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும். இவை தவிர, எந்த நேரத்திலும் ஒருவர் மாட்டிக்கொள்ள விரும்பினால் மற்றவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. கேலிக்கு அஞ்சி மாட்டாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்கள்தான்.

ஹார்னஸ் தவறாக மாட்டப்பட்டால் அதுவே ஆபத்தாகும். 2011இல் ஆங்கிலக் கால்வாயில் ஒருவர் பிணைத்தபடியே படகின் ஓரத்தில் விழுந்து, நீரில் இழுபட்டு உயிரிழந்தார். பிணைப்புப் பட்டை நீளமாக இருந்தால் அது விழுவதைத் தடுக்காது. விழுந்த பிறகுதான் இழுத்துப் பிடிக்கும். 2 மீட்டர், 1 மீட்டர் என இரு கிளைகள் உள்ள பட்டையில் இயன்றவரை குட்டைக் கிளையைப் பயன்படுத்தி, காற்று வரும் பக்கத்தில் மாட்டுங்கள். படகு சாயும் பக்கமாகச் சறுக்கினாலும் விளிம்புக்கு முன்பே அது நிறுத்திவிடும். ஓரக் கம்பிவேலியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். தளத்தின் நீளத்துக்குத் தட்டையாகக் கட்டிய நாடாவிலோ உறுதியான வளையத்திலோ மாட்டுங்கள். 2017இல் உலகைச் சுற்றிய பந்தயப் படகு ஒன்றில், கயிறு கட்டும் கட்டையின் அடியில் கொக்கி சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து திறந்துகொண்டதால் ஒருவர் உயிரிழந்தார். நாடா அப்படிப்பட்ட கட்டைகளின் அருகே போகிறதா என்று நீங்களே ஒரு முறை தவழ்ந்து பாருங்கள்.

கரைக்குப் போய்வரும் சிறு படகை மறந்துவிடாதீர்கள். இரவு உணவுக்குப் பின், இருட்டில், ஆள் நிறைந்து திரும்பும் அந்தச் சில நூறு மீட்டர்தான் பலர் ஜாக்கெட்டைக் கரையிலேயே விட்டுவிடும் பயணம். அதில் ஜாக்கெட் கட்டாயம், ஹார்னஸ் வேண்டாம்.

கேள்வி: என் 10 வயது மகள் சென்னைத் துறைமுகத்தில் ஆப்டிமிஸ்ட் என்னும், சிறுவர்களுக்கான சிறு பாய்மரப் படகை ஓட்டக் கற்கிறாள். அவளுக்கும் ஹார்னஸும் தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட்டும் வாங்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டும் வேண்டாம். கவிழ்வது அவள் பயிற்சியின் ஒரு பகுதி. பிணைக்கப்பட்ட குழந்தை கவிழ்ந்த படகின் அடியில் சிக்கிக்கொள்ளும். தானாக ஊதும் ஜாக்கெட்டோ முதல் கவிழ்தலிலேயே விரிந்து, படகை நிமிர்த்தி ஏறவிடாமல் தடுக்கும். உடலோடு ஒட்டிய நுரை மிதப்புச் சட்டை, 50 நியூட்டன் வகை, அவள் எடைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். வளர்ந்த பிறகும் போட்டுக்கொள்ளட்டும் என்று பெரியதாக வாங்கினால் நீரில் அது காதுவரை ஏறிவிடும். இறங்குமேடையில் கால் வைக்கும்போது போடுவதைக் கரையேறிய பிறகே கழற்ற வேண்டும்.

கேள்வி: வாடகைப் படகில் தரும் ஊதும் ஜாக்கெட்டில் எதைப் பார்ப்பது?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: வாயு உருளையைக் கையால் முறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் ஜாக்கெட் ஊதாமல் போகலாம். துரு இருந்தாலும், காலாவதித் தேதி தாண்டியிருந்தாலும் வேறு கேளுங்கள். மார்பு வாருக்கும் உடலுக்கும் இடையே மூடிய கை ஒன்று மட்டும் நுழைய வேண்டும். தொடைகளுக்கிடையே செல்லும் பட்டை இல்லாத ஜாக்கெட் நீரில் மேலே நழுவி முகத்தை மூடும் என்பதால், அதை வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.