எலிக்குத் தடுப்பூசி இருக்கட்டும், முதலில் கார்டு டெஸ்ட்

கேள்வி: வயது 29, வேளச்சேரி. திருமணமாகி இரண்டு வருடம், குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். வெள்ளைப்படுதலுக்குப் பரிசோதித்ததில் கிளமிடியா பாசிட்டிவ். கணவர் தனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை வேண்டாம் என்கிறார். தொண்டை வலிக்கு எப்போதோ வாங்கிய அசித்ரோமைசின் மிச்சம் இருந்தது, நானே மூன்று நாள் போட்டுக்கொண்டேன். இந்தக் கிருமியால் ஆஸ்திரேலியாவில் கோலா விலங்குகள் மலடாகின்றன, எலிகளுக்குத் தடுப்பூசி பலிக்கிறது என்று படித்தேன். தடுப்பூசி வரும்வரை காத்திருக்கலாமா? வீட்டுப் பூனையால் வந்திருக்குமா? எனக்குக் குழந்தை பிறக்குமா? பி.கு: நாள் தள்ளிப் பத்து நாள் ஆகிறது, லேசாகப் பழுப்பாகப் படுகிறது. வலது அடிவயிற்றில் வலி. சூடு என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துத் தருகிறார்.

பதில்: பின்குறிப்பில் எழுதியதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். நாள் தள்ளி, ஒரு பக்கமாக வலித்து, பழுப்பாகவும் பட்டால் அதைச் சூடு என்று விடக் கூடாது. கரு கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே வலிக்கு வெந்தயம் குடித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக இங்கே.

கிளமிடியா உடலுறவில் பரவும் பாக்டீரியா. அது கருக்குழாய்வரை ஏறினால் உள்ளே தழும்பு விழலாம். விந்தணு நுழைய இடம் இருக்கும், கரு கருப்பைக்கு வந்து சேர இருக்காது. அங்கேயே ஒட்டி வளர்ந்து குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், வெளியே இரண்டு சொட்டுதான் தெரியும். சிறுநீர் விட்டுக் கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையும் உள்வழி ஸ்கேனும் வேண்டும். தலைசுற்றலோ மயக்கமோ தோள்பட்டை நுனியில் வலியோ இருந்தால் ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐ அழையுங்கள். உள்ளே கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அந்தத் தோள் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கோடுதான், ஆனால் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் என்றால் இடுப்புக்குழி அழற்சியாக இருக்கலாம். அதையும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

மாத்திரையையும் அந்தக் கார்டுதான் தீர்மானிக்கும். வழக்கமாகக் கொடுப்பது டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, 7 நாள். கர்ப்பிணிக்கு அது ஆகாது. அவர்களுக்கு அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளையாக. நீங்கள் விழுங்கியது தொண்டைக்கு எழுதிய கணக்கு. மிச்ச மாத்திரையை எதற்குத்தான் பத்திரப்படுத்துகிறீர்களோ!

கணவர் மருந்து எடுக்காமல் நீங்கள் மட்டும் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆண்களிலும் பலருக்கு அறிகுறியே இருக்காது. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, முடிக்கும்வரை சேராதீர்கள். ஒரே வேளை மருந்தானால், அதை எடுத்தபின் 7 நாள் சேராதீர்கள். ‘யாரிடமிருந்து வந்தது’ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. இந்தக் கிருமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், ரிப்போர்ட்டில் தேதி போட்டு வராது. அதை வைத்துப் பஞ்சாயத்து பேச முடியாது. தனியார் கிளினிக்குக்குப் போகக் கூச்சமென்றால் சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது.

பூனைக்கு வருவது வேறு இனம், பெரும்பாலும் கண்நோய். பூனையை விட்டுவிடுங்கள்.

ஆய்வில் எலிக்குத் தொற்றவைப்பதும் பெரும்பாலும் உங்கள் கிருமி இல்லை, அதன் உறவான கிளமிடியா மியூரிடாரம். அதுவும் சும்மா நிலைக்காது. முன்கூட்டியே எலிக்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் போடுவார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில் இருக்கும் அதே மருந்து. நாலைந்து வாரத்தில் எலி தானாகவே கிருமியை விரட்டிவிடும், அடுத்த முறைக்கு நல்ல எதிர்ப்பும் மிஞ்சும். நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்துக்கு அதில் பெரிய பங்கு. நம் செல்களில் அதே இன்டர்ஃபெரான், கிருமி வளரத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிடைக்காமல் செய்து கிருமியைப் பட்டினி போடப் பார்க்கும். பிறப்புறுப்பைத் தாக்கும் வகையோ, அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் விடும் இண்டோல் என்ற மூலப்பொருளை வாங்கித் தானே டிரிப்டோபான் சமைத்துக்கொள்ளும். எலியில் பலித்தது நம்மிடம் அப்படியே பலிக்காததற்கு இது ஒரு காரணம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவதும் சகஜம்.

1960-களில், இதே கிருமியின் வேறு வகையால் வரும் டிரக்கோமா கண்நோய்க்குச் சோதித்த தடுப்பூசிகளில் சில, அடுத்த தொற்றை இன்னும் மோசமாக்கின. அதனால் ஆய்வாளர்கள் இன்றும் ஜாக்கிரதையாகவே நடக்கிறார்கள். சி.டி.எச்.522 என்ற தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை முடிவு 2019-இல் வந்தது. லண்டனில் 35 பெண்கள். பாதுகாப்பானது, எதிர்ப்புரதம் உண்டானது, அவ்வளவுதான். தொற்றைத் தடுக்குமா என்று அதில் சோதிக்கவே இல்லை. கோலாவுக்கு ஆஸ்திரேலியா 2025-இல் தடுப்பூசியை அனுமதித்தது, அது கோலாவின் கிருமிக்கு. இதற்கா காத்திருப்பீர்கள்?

குழந்தை பிறக்குமா? ஒருமுறை வந்து, முறையாக மருந்து எடுத்துக்கொண்ட பெரும்பாலோருக்குப் பிறக்கிறது. திரும்பத் திரும்ப வந்தால்தான் கருக்குழாய்க்கு ஆபத்து கூடும். அதனால்தான் கணவரை இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்து இருவரும் மறுபடி பரிசோதியுங்கள். கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கு மட்டும் நாலு வாரத்திலேயே ஒருமுறை. அதற்கு முன் அவசரப்பட்டால் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செத்த கிருமியையும் பாசிட்டிவ் என்று காட்டும், நீங்களும் மறுபடி போனை எடுத்துக்கொண்டு கோலாவைத் தேட உட்கார்ந்துவிடுவீர்கள்.