ஏமாற்றி வாங்கிய சத்தியம் செல்லுமா?

கேள்வி: பைபிளில் யோசுவா 9-ல், இஸ்ரவேலர் அழிக்க வந்த கானான் நாட்டு மக்களில் ஒரு பிரிவான கிபியோனியர் கிழிந்த துருத்தியும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து, தூர தேசத்தார் என்று பொய் சொல்லி, தங்களைக் கொல்லக் கூடாது என்று இஸ்ரவேலரிடம் சத்தியத்தோடு உடன்படிக்கை வாங்குகிறார்கள். பொய் தெரிந்த பிறகும் அதை ஏன் மதிக்க வேண்டும்? யூத உரைகள் என்ன சொல்கின்றன?

பதில்: நல்ல கேள்வி. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் கித்தின் பகுதியிலேயே இது விவாதமாகிறது. ஊரறியச் செய்த சத்தியம் என்பதால் அது கட்டுப்படுத்தியது என்பது ரபி யெகுதாவின் பக்கம். மற்ற அறிஞர்களோ, பொய்யின் மேல் நின்ற அந்தச் சத்தியம் முதலிலேயே செல்லாது, ஆனாலும் இஸ்ரவேலர் வாக்கை மீறினார்கள் என்ற பேச்சு வந்தால் கடவுளின் பெயருக்கே இழுக்கு, அதனால்தான் கொல்லாமல் விட்டார்கள் என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது பதில்தான் மனதைத் தொடுகிறது, சட்டம் விடுவித்த பிறகும் ஒரு பொறுப்பு மிச்சம் இருக்கிறது பாருங்கள்.

சரி, அவர்கள் ஏன் ஏமாற்றினார்கள்? 12-ம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ், யோசுவா முன்பே சமாதான அழைப்பு அனுப்பியிருந்தார், அதை அப்போது ஏற்காதவர்கள் இனி வாய்ப்பே இல்லை என்று தவறாக நினைத்துத் தந்திரத்தில் இறங்கினார்கள் என்கிறார். அப்புறம் 2 சாமுவேல் 21-ஐயும் சேர்த்துப் படியுங்கள். அந்தச் சத்தியத்தை மீறி சவுல் ராஜா கிபியோனியரைக் கொன்றதற்காக, அவருக்குப் பின் வந்த தாவீதின் காலத்தில் 3 வருடம் பஞ்சம்.